கட்சி தாவல்: பறவைப் படக்காரர்களின் குட்டி வரலாறு

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். ஆணி அதிகமா இருக்கிறவங்க ரெண்டு தவணையா படிச்சுக்கலாம் :-)

தமிழ்நாட்டுல கட்சி தாவல்னு சொன்னா தேர்தல் நேரம்தான் ஞாபகம் வரும். ஆனா பறவைகளைப் படம் எடுக்கிற கூட்டத்துல இது வருஷம் பூரா நடக்கும். நேத்து வரைக்கும் "நிகான்தான் நம்ம உயிர்"னு இருந்தவர், இன்னைக்கு சோனி பையை மாட்டிக்கிட்டு ஏரிக்கரைக்கு வருவார். ஏன் மாறினீங்கன்னு கேட்டா, மாவட்டச் செயலாளர் அறிக்கை மாதிரியே ஒரு விளக்கம் வரும். "தொண்டர்களின் விருப்பத்துக்கு இணங்க" மட்டும்தான் பாக்கி.

கிண்டலை விடுவோம். மாறலாமா, வேண்டாமா என்பது நிஜமாவே பெரிய கேள்வி. ஒரு நல்ல டெலி லென்ஸ் விலையில ஒரு பைக் வாங்கலாம். பெரிய பிரைம் லென்ஸ் என்றால் கார். மாறினால் பழையதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, புதுசை முழு விலைக்கு வாங்கணும். இந்தக் கேள்விக்கு இணையத்துல ஆயிரம் ரிவ்யூ இருக்கு. ஆனா இதுக்கு முன்னாடி மாறினவங்க எதுக்கு மாறினாங்க, மாறினதால பறவைக்கு என்ன ஆச்சுன்னு யாரும் பெரிசா பேசறதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போறோம்.

கரிச்சானை வெச்சு ஆரம்பிப்போம்

எங்க ஊர் பாடி. லூகாஸ் டிவிஎஸ்ஸும் மேம்பாலமும்தான் பலருக்குத் தெரியும். அதே ஊர்ல சம்பந்தர் பாடிய திருவலிதாயம் கோயில் இருக்கு. பரத்வாஜ முனிவர் வலியன் என்கிற பறவையாக வந்து இங்கே சிவனை வழிபட்டார், அதனால்தான் வலிதாயம்னு தலபுராணம் சொல்லுது. வலியன் என்றால் கரிக்குருவி. நாம கரிச்சான், இரட்டைவால் குருவின்னு சொல்ற அதே ஆள்தான். இன்னைக்கும் கொரட்டூர் ஏரிப் பக்கம் கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும்.

படம் எடுக்கிறவனுக்கு கரிச்சான் ஒரு பரீட்சை. முழுக் கறுப்பு உடம்பு, பின்னால் வெள்ளை வானம், கறுப்பு முகத்துக்குள்ள சின்னக் கண். உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று பாய்ந்து பூச்சியைப் பிடிச்சுட்டு அதே கம்பிக்குத் திரும்பும். எந்தக் கேமராவுக்கும் இது கஷ்டமான கேள்வித்தாள். அதனால ஒவ்வொரு காலத்துக் கேமராவையும் இந்தக் கரிச்சான் முன்னால் நிறுத்திப் பார்ப்போம்.

கரிச்சான் நீளம் கிட்டத்தட்ட 28 செ.மீ. 35 மி.மீ. ஃபிலிமின் அகலம் 36 மி.மீ. அதில் கால்வாசி இடத்தையாவது பறவை நிரப்பினால்தான் படம் உருப்படி என்று வெச்சுக்கலாம். அதாவது 9 மி.மீ. பள்ளிக்கூட ஒளியியல் கணக்குதான்: லென்ஸின் குவியத் தூரத்தை 280-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் நாம நிற்க வேண்டிய தூரம் வரும். 50 மி.மீ. லென்ஸ் என்றால் 5 அடி. 135 என்றால் 14 அடி. 300 என்றால் 31 அடி. 500 என்றால் 51 அடி. இந்த எண்களை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் தேவைப்படும்.

கூட்டுக்குப் பக்கத்தில் கூடாரம்

5 அடிக்கு எந்தக் கரிச்சான் விடும்? கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் மட்டும் விடும். விட்டுட்டுப் போக முடியாதே! பறவைப் படங்களின் முதல் அரை நூற்றாண்டு பெரும்பாலும் கூடுகளின் வரலாறாகப் போனதுக்குக் காரணம் இதுதான்.

இங்கிலாந்தில் ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் என்று இரண்டு சகோதரர்கள். 1892-ல் ஒரு பறவைக் கூட்டைப் படம் எடுத்ததில் தொடங்கி, 1895-ல் முழுக்கப் புகைப்படங்களோடு பறவைக் கூடுகள் பற்றி ஒரு புத்தகமே போட்டாங்க. பக்கத்தில் போறதுக்காக, பாடம் செய்த மாட்டின் தோலுக்குள்ளே கேமராவோடு ஒளிந்து நின்ற கதையும் உண்டு. சிரிப்பா இருக்கும். ஆனா அவங்களுக்கு வேற வழி இல்லை. கண்ணாடித் தட்டு கேமரா, மந்தமான லென்ஸ். பறவை அசையாம இருந்தாத்தான் படம்.

நம்ம நாட்டிலும் இதே கதைதான். ரயில்வே வேலையில் இங்கே இருந்த லோதர் என்பவர், இந்தியப் பறவைகளைப் படம் எடுத்த அனுபவத்தை 1949-ல் புத்தகமாக வெளியிட்டார். சிங்கப்பூர் வாசகர்களுக்கு கேத்தே தியேட்டர் தெரிந்திருக்கும். அதன் முதலாளி லோக் வான் தோ (1915–1964) சலீம் அலியோடு இந்தியா முழுக்கச் சுற்றிப் பறவைகளைப் படம் எடுத்தவர். 1957-ல் அவர் படங்கள் புத்தகமாக வந்தன. பணத்துக்குக் குறைவே இல்லாத மனிதர், அந்தக் காலத்தில் கிடைத்த நல்ல கருவிகள் எல்லாம் அவரிடம் இருந்தன. அவரும் கூட்டுக்குப் பக்கத்தில் மறைவிடம் கட்டிக் காத்திருந்துதான் பல படங்களை எடுத்தார். பிரச்சினை பணம் இல்லை, தூரம்.

இதுல பறவைக்கு என்ன நஷ்டம்? கூட்டை மறைக்கிற கிளையை ஒதுக்கினால் வெயில் நேரா குஞ்சு மேல விழும். காக்கைக்கும் பாம்புக்கும் வழி தெரியும். தாய்ப்பறவை பயந்து வெளியே நிற்கிற நேரத்தில் முட்டை ஆறும். சில பறவைகள் கூட்டையே கைவிட்டுடும். படத்தில் இது எதுவுமே தெரியாது. படம் அழகாத்தான் இருக்கும்.

மைலாப்பூரின் சுயேச்சை வேட்பாளர்

இப்போ நம்ம ஆளுக்கு வருவோம். மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசி மகன். திருநெல்வேலியில் பிறந்து, சென்னையில் படித்து, மைலாப்பூரில் வாழ்ந்தவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-ல் தொடங்கிய இயற்கைப் பத்தியை, 1996 பிப்ரவரியில் இறக்கும் வரை எழுதினார். 46 வருஷம்! 1970-ல் பத்மஸ்ரீ. தமிழிலும் எழுதினார், அவருடைய தமிழ்க் கட்டுரைகளை தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். யானைப் படங்கள்தான் அதிகம் பேசப்பட்டவை என்றாலும் பறவைகளையும் விடவில்லை.

கேமரா விஷயத்தில் கிருஷ்ணன் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஒரு கம்பெனியின் பாடி (நம்ம ஊர் இல்லீங்க, கேமரா பாடி), இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ், மத்த உதிரி பாகங்கள் எங்கிருந்தோ. எல்லாத்தையும் தானே சேர்த்துப் பூட்டினார். அந்தப் பூதத்துக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வேற. அசாமில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த இயற்கையாளர் ஈ.பி. ஜீ, 1964-ல் வந்த தன் புத்தகத்தில் இந்தக் கேமராவைப் பற்றி எழுதியிருக்கார். ஷூ லேஸ் போட்டுக் கட்டியதை நான் பார்க்கவில்லை, ஆனா எங்கேயாவது கம்பி போட்டு இறுக்கித்தான் இருப்பார் என்கிற தொனியில் செல்லக் கிண்டல்.

ஏன் இப்படி? அந்தக் காலத்து நிலைமையை யோசிச்சுப் பாருங்க. வெளிநாட்டுக் கேமரான்னா இறக்குமதிக் கட்டுப்பாடு, தலை சுத்த வைக்கிற சுங்க வரி. 1969-க்கு அப்புறம் பாரிமுனையில் பர்மா பஜார் வந்தது. அங்கேயும் என்ன வருதோ அதுதான். நம்ம ஊட்டியில் 1960-ல் ஆரம்பித்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1967-லிருந்து 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது (இந்து என்றால் நிலா). ஃபிலிமுக்கே அரசாங்கம் ஒரு ஆலை கட்ட வேண்டியிருந்த நாட்டில், விருப்பப்பட்ட லென்ஸ் விருப்பப்பட்ட பாடிக்குக் கிடைக்குமா?

ஆனா தட்டுப்பாடு மட்டுமே காரணம் என்று நான் நினைக்கலை. மிருகத்திடமிருந்து தள்ளி நின்று, காட்டில் சுதந்திரமாக இருக்கிற விலங்கைப் படம் எடுக்கணும் என்பது அவர் வேலையின் அடிப்படை. பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். கரிச்சான் மாதிரி கறுப்புப் பறவைக்கு அதில் ஒரு நன்மையும் உண்டு. கலர் ஸ்லைடில் வெளிச்சம் கொஞ்சம் தப்பினாலும் படம் குப்பை. கறுப்பு வெள்ளை நெகட்டிவ் மன்னிக்கும். இருட்டறையில் கறுப்புக்குள்ளிருந்து இறகை வெளியே கொண்டுவரலாம். அவருக்கு வேண்டியது எது என்று அவருக்குத் தெரியும். கடை தராததை அவரே பூட்டிக்கிட்டார்.

இரண்டு மில்லிமீட்டர் பிரளயம்

வேற கம்பெனி லென்ஸை வேற பாடியில் பூட்டுவதில் அப்படி என்ன கஷ்டம்? அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறையில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் வளையம் கடைஞ்சு தந்துடுவாங்களே என்று தோணும். வளையம் கடையலாம், தூரத்தைக் கடைய முடியாது.

ஒவ்வொரு சிஸ்டத்திலும் லென்ஸ் பூட்டுகிற வாய்க்கும் (மவுண்ட்) ஃபிலிமுக்கும் நடுவில் ஒரு நிலையான தூரம் உண்டு. 1959-ல் வந்த நிகான் எஃப் மவுண்டில் அது 46.5 மி.மீ. 1971-ல் வந்த கேனானின் எஃப்டி மவுண்டில் 42. நிகான் லென்ஸை கேனான் எஃப்டி பாடியில் வளையம் போட்டுப் பூட்டலாம், 4.5 மி.மீ. இடைவெளி இருக்கு. எதிர்த் திசையில் முடியாது. லென்ஸ் ஃபிலிமிலிருந்து தள்ளிப்போயிடும், தூரத்துப் பறவை ஃபோகஸே ஆகாது. தூரத்துப் பறவைதானே நமக்கு வேணும்!

1985-ல் மினோல்டா 7000 வந்தது. ஆட்டோஃபோகஸ் பாடிக்குள்ளேயே வைத்து நல்லா விற்ற முதல் எஸ்எல்ஆர். மற்ற கம்பெனிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. அப்போ இரண்டு பெரிய கட்சிகளும் நேர் எதிர் முடிவெடுத்தன. நம்ம மென்பொருள் பாஷையில் சொன்னால், பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி பிரச்சினை.

நிகான் பழைய மவுண்டையே வெச்சுக்கிட்டது. மோட்டார் பாடிக்குள், அதிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் மாதிரி ஒரு கம்பி நீண்டு லென்ஸைத் திருகும். பழைய வாடிக்கையாளர் தலை தப்பித்தார். கேனான் 1987-ல் எஃப்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு இஎஃப் என்ற புது மவுண்டோடு வந்தது. வாய் அகலம் 54 மி.மீ., மோட்டார் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும், பாடியும் லென்ஸும் பேசிக்கொள்வது மின்சாரத்தில் மட்டும். தூரம் 44 மி.மீ. பழசு 42, புதுசு 44. அந்த 2 மி.மீ.யில் எஃப்டி லென்ஸ் வெச்சிருந்தவங்க அத்தனை பேரும் நடுத்தெருவுக்கு வந்தாங்க. சில டெலி லென்ஸ்களுக்கு மட்டும் கண்ணாடி வைத்த ஒரு கன்வெர்ட்டரைக் கொடுத்தது கம்பெனி. மத்தவங்களுக்கு அதுவும் இல்லை.

யார் செய்தது சரி? பறவைக்காரர்களைப் பொறுத்தவரை பதில் பத்து வருஷத்தில் தெரிந்தது. பெரிய கண்ணாடியைத் திருப்ப, அந்த லென்ஸுக்கென்றே செய்த மோட்டார் வேணும். பாடியிலிருந்து கம்பியால் திருகினால் மெதுவாத்தான் திரும்பும். கேனானின் 600 மி.மீ. எஃப்/4, 1988-லேயே வந்துவிட்டது. 1995-ல் கை நடுக்கத்தைச் சமாளிக்கிற லென்ஸ், 1999-ல் அந்த வசதி பெரிய டெலிகளுக்கும். நிகான் பெரிய டெலிகளுக்குள் மோட்டார் வைக்க 1992 ஆனது. 2000-ல் வந்த அதன் 80-400 லென்ஸில் நடுக்கத் தடுப்பு இருந்தது, மோட்டார் இல்லை. பறக்கிற பறவைக்கு அது போதவில்லை. வெள்ளை லென்ஸ்கள் மைதானங்களையும் ஏரிக்கரைகளையும் பிடித்தது இப்படித்தான். பழைய விசுவாசிகளைக் கைவிட்ட கட்சிதான் புது ஓட்டுகளை அள்ளியது. அரசியல் பாடம் எடுத்துக்கிறவங்க எடுத்துக்கலாம் :-)

டிஜிட்டலும் 78 அடியும்

அடுத்த அலை டிஜிட்டல். நிகான் டி1 1999-ல், 2.7 மெகாபிக்சல். கேனான் 300டி 2003-ல், அமெரிக்காவில் 1000 டாலருக்குக் குறைவான விலையில். நம்மள மாதிரி சம்பளக்காரர்கள் உள்ளே வந்தது இந்தக் கதவு வழியாத்தான். 36 படத்துக்கு ஃபிலிம், கழுவும் செலவு எல்லாம் போச்சு.

இந்தக் கேமராக்களின் சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது. மத்தவங்களுக்கு அது குறை, பறவைக்காரனுக்கு வரம். நம்ம கணக்கைத் திரும்பப் போடுங்க. சென்சார் அகலம் 23.5 மி.மீ., கால்வாசி என்றால் 5.9. 500 மி.மீ. லென்ஸோடு இப்போ 78 அடி தள்ளி நின்றாலே அதே கரிச்சான் அதே அளவில் கிடைக்கும்.

இன்னொண்ணு, வெளிச்சம். ஐஎஸ்ஓ 64 ஸ்லைடு ஃபிலிமில், சுமாரான காலை வெளிச்சத்தில், எஃப்/5.6-ல் 1/125 நொடிதான் கிடைக்கும். கரிச்சான் இறக்கை விரித்தால் கறுப்புப் புகைதான் பதிவாகும். இப்போ ஐஎஸ்ஓ 3200 சர்வ சாதாரணம். 50 மடங்கு வேகம், 1/6000 நொடி. பறக்கிற பறவையைத் தூரத்திலிருந்தே நிறுத்திப் பிடிக்கலாம். கூட்டுக்குப் போக வேண்டிய கட்டாயம் இங்கேதான் செத்தது.

2006-ல் இன்னொரு கூத்து. தொண்டர்கள் தாவலை, கட்சியே தாவியது. கோனிகா மினோல்டா கேமரா தொழிலை விட்டே விலகி, தன் சிஸ்டத்தை சோனியிடம் கொடுத்தது. அந்த மவுண்டுக்கு சோனி கடைசியாகப் புது பாடி வெளியிட்டது 2016-ல். அதாவது, நீங்க மாறாம இருந்தாலும் உங்களை மாத்திடுவாங்க.

கண்ணாடி போனது, கதவு திறந்தது

2013-ல் சோனி ஏ7, 2018-ல் நிகான் இசட், கேனான் ஆர். மிரர்லெஸ் காலம். உள்ளே ஆடுகிற கண்ணாடி இல்லாததால் அதற்கான இடமும் வேண்டாம். தூரம் நிகானில் 16, சோனியில் 18, கேனானில் 20 மி.மீ. என்று சுருங்கியது. விளைவு? 1987-ல் அநாதையான எஃப்டி லென்ஸ்கள் 42 மி.மீ. என்பதால் இப்போ மூன்றிலும் பூட்டும்! ஃபோகஸ் கையால்தான், ஆனா தூரம் வரைக்கும் ஃபோகஸ் ஆகும். பழைய மவுண்டைக் காப்பாற்றிய நிகானின் அடாப்டரிலோ, பழைய லென்ஸ்களைத் திருகுகிற மோட்டார் இல்லை. காலம் எப்படிக் கணக்குத் தீர்க்குது பாருங்க.

2020-ல் கேனானும் ஒலிம்பஸும், 2021-ல் சோனியும் பறவையைத் தானே கண்டுபிடிச்சு ஃபோகஸ் செய்கிற வசதியைக் கொண்டுவந்தாங்க. கரிச்சான் அதற்கும் கொஞ்சம் தண்ணி காட்டும். கறுப்பு முகத்தில் கறுப்பா ஒரு கண். ஆனா பத்துப் படத்தில் ஒண்ணு என்பது மாறி, பத்தில் பாதிக்கு மேல் தேறுகிற காலம் வந்தாச்சு.

அப்போ மாறலாமா?

இந்த வரலாற்றில் நான் பார்க்கிறது ஒண்ணுதான். 5 அடி, 14 அடி, 31, 51, 78. ஒவ்வொரு நல்ல மாற்றமும் மனுஷனைப் பறவையிடமிருந்து ஒரு அடி பின்னால் நகர்த்தியது. மெகாபிக்சல், மெனு, பிராண்டு பெருமை எல்லாம் மேலே தூவின மசாலா.

அதனால புது சிஸ்டத்தைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும். இதை வாங்கினால் நான் இன்னும் எத்தனை அடி தள்ளி நிற்கலாம்? நிகானின் 500 மி.மீ. எஃப்/4 லென்ஸ் 3.09 கிலோ, 2018-ல் வந்த 500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ் 1.46 கிலோ. கொரட்டூர் ஏரிக்கரையில் முக்காலி இல்லாமல் கையில் பிடித்து நிற்க முடியும் என்பதால், 300 மி.மீ.யோடு கிட்டப் போய்க்கொண்டிருந்தவர் 500-க்கு மாறித் தள்ளி நிற்பார் என்றால், அது நியாயமான தாவல். உங்க 400 மி.மீ. நல்லாவே வேலை செய்யுது, பக்கத்து ஆள் மாறிட்டார் என்பதற்காக மட்டும் மாறணும்னு தோணுதா? அந்தப் பணத்துக்கு நாலு முறை பழவேற்காடும் வேடந்தாங்கலும் போயிட்டு வாங்க.

வருத்தமான விஷயம் ஒண்ணு இருக்கு. கியர்ட்டன் சகோதரர்களுக்கும் லோக் வான் தோவுக்கும் வேற வழி இல்லை. இன்னைக்கு 600 மி.மீ. லென்ஸ் கையில் இருந்தும், இறகு இறகா தெரியணும்னு கூட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறவங்க இருக்காங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தருகிற விளக்கத்தைப் படிச்சுப் பாருங்க. பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதில் சேர்ந்திருக்கு. துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்று இல்லை.

கூடு கட்டும் காலத்தில் கரிச்சானைப் பாருங்க. தன்னைவிடப் பெரிய காக்கையையும் பருந்தையும் விரட்டி விரட்டிக் கொத்தும். அந்தத் தைரியத்தை நம்பியே மத்த சின்னப் பறவைகள் அதன் பக்கத்தில் கூடு கட்டுறதும் உண்டு. அத்தனை பேரையும் விரட்டுகிற கரிச்சானால், முக்காலியோடு வந்து நிற்கிற நம்மளை மட்டும் விரட்ட முடியறதில்லை. நாமளே தள்ளி நின்னாத்தான் உண்டு.

நீங்க கட்சி மாறியவரா, மாறாத விசுவாசியா, இல்லை கிருஷ்ணன் மாதிரி சுயேச்சையா? மாறினதால எத்தனை அடி பின்னால் போனீங்கன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க. எந்த பிராண்டுன்னு சொல்லலைன்னாலும் பரவாயில்லை :-)